அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாசிப்பது எப்படி? குற்றவியல், வேலைச் சட்ட வழக்குகளுக்கான முழு வழிகாட்டி

செய்திச் சுருக்கத்தை நம்பாமல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தாமே வாசிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறவர்கள், சட்டம் படிக்கிற மாணவர்கள், செய்தியைத் தமிழில் தருகிறவர்கள் எனப் பலருடன் அமர்ந்து இந்தத் தீர்ப்புகளை வரி வரியாக வாசித்திருக்கிறேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இடறுகிறார்கள். பெரும்பாலும் மொழியால் அல்ல, வாசிக்கும் வரிசை தவறுவதால்தான். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம் என்று உறுதி செய்யுங்கள்

அமெரிக்கப் பத்திரிகைகள் ‘ஹை கோர்ட்’ என்று எழுதினால், அது பெரும்பாலும் வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்துப் பழகிய நாம் அதை அப்படியே ‘உயர் நீதிமன்றம்’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லிலேயே தீர்ப்பின் எடை குறைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது முதல் விசாரணை நடக்கும் நீதிமன்றத்தின் பெயர். அந்த மாநிலத்தின் உச்சியில் இருப்பது ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’. பெயரைப் பார்த்ததும் முடிவு செய்யாமல், தீர்ப்பின் முதல் பக்கத்தில் நீதிமன்றத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்.

அடுத்து, வழக்கு எந்தச் சட்டத்தைப் பற்றியது என்று பாருங்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றிய கூட்டாட்சிச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் தரும் பொருளே இறுதியானது. மாநிலச் சட்டத்தின் பொருளை அந்தந்த மாநில நீதிமன்றமே சொல்லும். கூட்டாட்சிச் சட்டம் தராத பாதுகாப்பை மாநிலச் சட்டம் ஒரு தொழிலாளிக்குத் தரக்கூடும். இதைப் பிரிக்காமல் வாசித்தவர்கள், தோற்காத உரிமையைத் தோற்றதாக எண்ணிக் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: ‘உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது’ என்பது தீர்ப்பு அல்ல. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் விரும்பினால்தான் வழக்கு விசாரணைக்கு எடுக்கப்படும். எடுக்கவில்லை என்பதற்காகக் கீழமை நீதிமன்றம் சொன்னது சரி என்று பொருளாகாது.

2. மேசையில் மூன்று தாள்கள்

முதல் தாள் முழுத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் தீர்ப்பு வெளியாகும் நாளிலேயே கட்டணமின்றிக் கிடைக்கும்.

இரண்டாவது, சட்டப்பிரிவின் வாசகம். கூட்டாட்சிக் குற்றங்களில் பெரும்பாலானவை அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் பகுதியில் இருக்கும். வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயம் 42-ஆம் பகுதியிலும், வயதுப் பாகுபாட்டுச் சட்டமும் ஊதிய நேரச் சட்டமும் 29-ஆம் பகுதியிலும் உள்ளன. இன்றைய வாசகம் போதாது. சம்பவம் நடந்த நாளில் வாசகம் எப்படி இருந்தது என்பதே கணக்கு. ஏன் என்பதை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி. வழக்கின் பக்கத்தில் அது தனித் தாளாகவே இருக்கும், பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்கள்தான். அந்தக் கேள்வியைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பு பதில் சொல்வது அதற்கு மட்டுமே. மற்றவை எல்லாம் வழித்துணை.

3. தீர்ப்புக்கு முன் சட்டப்பிரிவைப் படியுங்கள்

நான் மிகவும் வற்புறுத்துகிற படி இது, பெரும்பாலோர் தாண்டிச் செல்கிற படியும் இதுவே. தீர்ப்பை முதலில் படித்தால் நீதிபதியின் கண்ணால்தான் சட்டத்தைப் பார்ப்பீர்கள். அவர் காட்டும் பொருளே ஒரே பொருள் என்று தோன்றும். சட்டத்தை முதலில் படித்து, ‘எனக்கு இதன் பொருள் என்ன?’ என்று எழுதி வைத்தால்தான் தீர்ப்பு எங்கே உங்களை நகர்த்துகிறது என்று தெரியும்.

பழகுவதற்கு 2015-ஆம் ஆண்டின் யேட்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகைச் சோதித்த அதிகாரி, அன்றைய விதிப்படி பிடிக்கக் கூடாத, 20 அங்குலத்துக்குக் குறைவான களவா மீன்கள் 72 இருப்பதைக் கண்டார். அவற்றைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். அந்த மீன்கள் கடலில் வீசப்பட்டன. படகுத் தலைவர் மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று 18-ஆம் பகுதியின் 1519-ஆம் பிரிவின் கீழ் வந்தது: விசாரணையைத் தடுக்கும் நோக்கத்துடன் ‘எந்தப் பதிவேட்டையும், ஆவணத்தையும், அல்லது தொட்டறியக்கூடிய பொருளையும்’ அழித்தால் 20 ஆண்டுகள் வரை சிறை. என்ரான் நிறுவனத்தின் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002-இல் வந்த சட்டம் இது.

மீன் தொட்டறியக்கூடிய பொருளா? உங்கள் பதிலை எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

4. எந்தச் சொல்லில் சண்டை என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழக்குகளில் சண்டை அநேகமாக ஒரு சொல்லிலோ ஒரு தொடரிலோதான் இருக்கும். அதை வட்டமிட்டுக்கொண்டால் 60 பக்கத் தீர்ப்பும் கையளவு ஆகிவிடும். யேட்ஸ் வழக்கில் ‘பொருள்’. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டட முற்றுகை தொடர்பான, 2024-ஆம் ஆண்டின் ஃபிஷர் வழக்கில் ‘வேறு விதமாக’. அதே ஆண்டின் பல்சிஃபர் வழக்கில், போதைப்பொருள் குற்றத்துக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவதற்கான மூன்று நிபந்தனைகளை இணைத்த ‘மற்றும்’.

2021-இல் வந்த வான் பியூரன் வழக்கு இதற்கு நல்ல பாடம். ஜார்ஜியா மாநிலத்துப் போலீஸ் சார்ஜன்ட் ஒருவர், தம் பணிக் கணினியில் பார்க்க அனுமதி பெற்றிருந்த வாகன எண் தகவலை, பணத்துக்காக ஒருவருக்குத் தேடிக் கொடுக்க முயன்றார். கணினி மோசடிச் சட்டம், அனுமதியுடன் நுழைந்து ‘அவ்வாறு பெற உரிமையில்லாத’ தகவலைப் பெறுவதைக் குற்றமாக்குகிறது. அந்த ‘அவ்வாறு’ எதைச் சுட்டுகிறது என்பதில்தான் வழக்கு நின்றது. கணினியில் அந்தப் பகுதிக்குள் நுழையவே உரிமை இல்லாதிருப்பதையே அது சுட்டுகிறது, நுழைந்தவரின் நோக்கத்தை அல்ல என்றார் நீதிபதி பேரட். ஆறுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் இது தீர்ப்பானது.

அரசுத் தரப்பின் பொருளை ஏற்றிருந்தால், அலுவலகக் கணினியில் சொந்த மின்னஞ்சல் அனுப்புகிறவர்கூடக் குற்றவாளியாகக் கூடும் என்று தீர்ப்பே சுட்டிக்காட்டியது. இரண்டெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றின் மேல் இத்தனை பேரின் அன்றாடம் தொங்கியிருக்கிறது.

5. யார் பேசுகிறார் என்பதைப் பக்கந்தோறும் பாருங்கள்

முதலில் வருவது ‘சிலபஸ்’ எனப்படும் சுருக்கம். வாசகர் வசதிக்காக நீதிமன்ற அலுவலகம் தயாரிப்பது. அது தீர்ப்பின் பகுதி அல்ல என்று அதன் தலையிலேயே அச்சாகியிருக்கும். வழிகாட்டும் வரைபடமாக வைத்துக்கொள்ளலாம், மேற்கோள் காட்டக் கூடாது.

அடுத்து நீதிமன்றத்தின் தீர்ப்பு. அதன் பின் முடிவோடு உடன்பட்டுத் தனியாக எழுதப்பட்டவை, கடைசியில் மாறுபட்ட தீர்ப்புகள். எல்லாம் ஒரே கோப்பில், ஒரே எழுத்துருவில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் யாருடைய உரை என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காமல், மாறுபட்ட நீதிபதியின் கோபமான வாக்கியத்தை ‘உச்ச நீதிமன்றம் கூறியது’ என்று எழுதுவது நான் அதிகம் காணும் பிழை.

யேட்ஸ் வழக்கில் இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. நீதிபதி கின்ஸ்பர்க்கின் உரையில் சேர்ந்தவர்கள் அவரையும் சேர்த்து நால்வர். அலிட்டோ முடிவில் மட்டும் உடன்பட்டுத் தனியாக எழுதினார். கேகனும் மற்ற மூவரும் மாறுபட்டார்கள். ஆகவே அது ஐவரின் உரை அல்ல. தொடக்க வரியில் ‘நீதிமன்றத்தின் உரை’ என்று இல்லாமல் ‘ஓர் உரை’ என்றே இருக்கும். இப்படிப்பட்ட வழக்குகளில் முடிவுக்குத் தேவையான மிகக் குறுகிய காரணமே பின்னாள் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் என்பது 1977-ஆம் ஆண்டின் மார்க்ஸ் வழக்கில் சொல்லப்பட்ட விதி. அதனால் யேட்ஸில் அலிட்டோவின் சில பக்கங்களை விட்டுவிட்டுப் படித்தால் வழக்கைப் படித்ததாகாது.

6. வாதக் கருவிகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு சொல்லுக்குப் பொருள் காண நீதிபதிகள் எடுக்கும் கருவிகள் சிலவே. எந்தக் கருவிக்கு எத்தனை பக்கம் தந்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். பலமான வாதம் எது, அலங்காரம் எது என்று அப்போதுதான் தெரியும்.

அகராதிப் பொருளில் தொடங்குவார்கள். அதிலும் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டையொட்டிய அகராதி. பிறகு அண்டைச் சொற்கள்: ‘பதிவேடு, ஆவணம்’ என்ற இரண்டின் பக்கத்தில் நிற்கும் ‘பொருள்’ அவற்றின் இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பது அந்த வாதம். பிறகு பிரிவின் தலைப்பு, சட்டத்தில் அது வைக்கப்பட்ட இடம், அதே சொல் வேறு பிரிவில் வரும் விதம். பிறகு விளைவுகள். இவை எல்லாவற்றுக்கும் பின்னும் ஐயம் தீராவிட்டால், குற்றச் சட்டத்தில் அந்த ஐயம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்படும்.

இந்தக் கடைசி விதியைப் புதியவர்கள் முதல் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘இரண்டு பொருள் இருக்கிறதே, விடுதலைதானே?’ என்பார்கள். அப்படி இல்லை. பல்சிஃபர் வழக்கில் ‘மற்றும்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் இலக்கணப்படி இயலும் என்று ஒப்புக்கொண்டும், சூழலை வைத்துப் பார்த்தால் ஒன்றுதான் பொருந்தும் என்று பெரும்பான்மை முடிவு செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தோற்றார்.

யேட்ஸில் அண்டைச் சொற்கள் வென்றன. 1519-ஆம் பிரிவின் ‘பொருள்’ என்பது தகவலைப் பதியவோ பாதுகாக்கவோ பயன்படும் பொருள் என்றார் கின்ஸ்பர்க். மீன் அதில் வராது. மீனும் பொருளே என்ற கேகனின் மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். மூன்றாம் படியில் நீங்கள் எழுதி வைத்த பதில் யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள்.

7. குற்ற வழக்கானால் ‘தெரிந்தே’ எதுவரை நீள்கிறது?

குற்றச் சட்டத்தில் செயல் பாதி, மனநிலை பாதி. ‘தெரிந்தே’ என்ற சொல் எந்தெந்த உறுப்பைத் தழுவுகிறது என்பதே பல வழக்குகளின் உயிர்.

2019-ஆம் ஆண்டின் ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசாவில் இருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியது. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டதால் தங்கும் உரிமையை இழந்த ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குச் சென்று சுட்டார். சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். கையில் இருப்பது துப்பாக்கி என்று அவருக்குத் தெரியும். தம் இருப்பு சட்டவிரோதமாகிவிட்டது என்று தெரிந்திருக்க வேண்டுமா? வேண்டும், அதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். எழுதியவர் பிரையர்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ‘சட்டம் தெரியாது என்றால் தப்பிக்கலாம்’ என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பது தெரியாமல் இருப்பது வேறு, தம் நிலைமையைப் பற்றிய ஓர் உண்மை தெரியாமல் இருப்பது வேறு. தீர்ப்பு பேசுவது இரண்டாவதை.

ஆகவே குற்றப் பிரிவை உறுப்புகளாகப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘தெரிந்திருக்க வேண்டுமா?’ என்று குறியுங்கள். 2009-ஆம் ஆண்டின் ஃப்ளோரஸ் ஃபிகெரோவா வழக்குக்கும் இதே முறை பொருந்தும். வேலை பெறப் போலி அட்டை கொடுத்தவருக்கு, அதிலிருந்த எண் உண்மையில் வேறொருவருடையது என்று தெரிந்திருந்தால்தான் கடுமையாக்கப்பட்ட அடையாளத் திருட்டுக் குற்றம் பொருந்தும் என்று அதில் தீர்ப்பானது.

8. வேலை வழக்கானால் காரணமும் தீங்கும்

வேலைச் சட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலில், ‘காரணமாக’ என்ற சொல் எவ்வளவு காரணத்தைக் கேட்கிறது? அடுத்து, எவ்வளவு தீங்கு நேர்ந்திருக்க வேண்டும்?

2020-ஆம் ஆண்டின் பாஸ்டாக் தீர்ப்பு முதல் கேள்வியைக் கையாண்ட விதம் தெளிவானது. ஆண்களை விரும்பும் இரண்டு ஊழியர்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். ஆணை மட்டும் நீக்கினால், அவர் ஆணாக இல்லாதிருந்தால் நீக்கப்பட்டிருக்க மாட்டார். ஆகவே பாலினம் காரணம் என்றார் கோர்சச். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களையும் திருநர்களையும் அதற்காக வேலையிலிருந்து நீக்குவது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பாலினம் காரணமாக’ என்ற தொடருக்குள் வந்தது இப்படித்தான். கழிப்பறை, உடைமாற்றும் அறை பற்றியெல்லாம் இப்போது தீர்மானிக்கவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ‘தீர்மானிக்கவில்லை’ என்று வரும் இடங்களைத் தனி நிறத்தில் கோடிடுங்கள். செய்திகளில் முதலில் காணாமல் போவது அந்த வாக்கியங்களே.

ஒரு சட்டத்தின் ‘காரணமாக’வை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிச் செல்லாதீர்கள். 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1991-இல் ஒரு திருத்தம் வந்தது. பாகுபாடு பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலே பொறுப்பு உண்டு என்றது. வயதுப் பாகுபாட்டுச் சட்டத்தில் அப்படித் திருத்தம் இல்லை. எனவே வயது இல்லாவிட்டால் அந்த முடிவே எடுக்கப்பட்டிருக்காது என்று ஊழியர் நிரூபிக்க வேண்டும் என 2009-ஆம் ஆண்டின் கிராஸ் வழக்கில் ஐந்துக்கு நான்காகத் தீர்ப்பானது. ஒரே சொல்தான், சுமை வேறு.

இரண்டாவது கேள்விக்கு 2024-ஆம் ஆண்டின் மல்ட்ரோ வழக்கு. செயின்ட் லூயிஸ் நகரப் பெண் சார்ஜன்ட் ஒருவர் உளவுப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டார். சம்பளமும் பதவியும் மாறவில்லை. வழக்கமான வார நாள் வேலை நேரமும், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் காரும் போயின. கீழமை நீதிமன்றங்கள் தீங்கு ‘குறிப்பிடத்தக்கதாக’ இருக்க வேண்டும் என்றன. சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை என்றார் கேகன். ஏதேனும் தீங்கு இருந்தால் போதும். சட்டத்தில் எழுதப்படாத சொல்லைக் கீழமை நீதிமன்றம் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை வழக்குகளில் பல நேரம் விடை அங்கேதான்.

9. உத்தரவு வரியும் அதன் பின் நடந்ததும்

கடைசிப் பத்தியைத் தனியாகப் படியுங்கள். உறுதி செய்யப்பட்டதா, மாற்றப்பட்டதா, ரத்து செய்து திருப்பி அனுப்பப்பட்டதா? மல்ட்ரோ வழக்கு ரத்து செய்து திருப்பி அனுப்பப்பட்டது. அந்த சார்ஜன்ட் அன்று நஷ்டஈடு எதையும் வெல்லவில்லை, சரியான அளவுகோலால் வழக்கைத் தொடரும் உரிமையை வென்றார். ‘வென்றார்’ என்று மட்டும் எழுதினால் பாதி பொய்யாகிவிடும்.

பிறகு, காங்கிரஸ் சட்டத்தையே மாற்றிவிட்டதா என்று தேடுங்கள். 2007-இல் லெட்பெட்டர் வழக்கில், பல ஆண்டுகளாகக் குறைந்த சம்பளம் பெற்ற டயர் ஆலைப் பெண் மேற்பார்வையாளர் புகார் தருவதற்கான 180 நாள் கெடுவைத் தவறவிட்டார் என்று ஐந்துக்கு நான்காகத் தோற்றார். கின்ஸ்பர்க்கின் மாறுபட்ட தீர்ப்பு, பந்து இப்போது காங்கிரஸின் கையில் என்றது. 2009 ஜனவரி 29 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், பாகுபாடான ஒவ்வொரு சம்பளத்துக்கும் கெடுவைப் புதிதாகத் தொடங்கச் செய்தது. தீர்ப்பு இன்றும் இணையத்தில் இருக்கிறது. அதை மட்டும் படித்தவர் தமக்கு வழியில்லை என்று விட்டுவிடுவார்.

ரெஹைஃப் வழக்கின் தண்டனைப் பிரிவும் 2022-இல் வேறு உட்பிரிவுக்கு மாற்றப்பட்டு, உச்ச தண்டனை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டானது. பழைய எண்ணைத் தேடினால் இன்று வேறு வாசகம் கிடைக்கும். சம்பவ நாளின் வாசகம் வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

10. யார் எழுதியது என்பதை வைத்து ஊகிக்காதீர்கள்

நீதிபதியை நியமித்த அதிபரின் கட்சியைப் பார்த்து முடிவை ஊகிப்பது சட்டச்சொல் வழக்குகளில் அடிக்கடி பொய்க்கிறது. ஜாக்சன், சோட்டோமயோர், கேகன் மூவரும் ஜனநாயகக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள்; பேரட்டும் கோர்சச்சும் குடியரசுக் கட்சி அதிபர் நியமித்தவர்கள். ஃபிஷர் வழக்கில் ஜாக்சன் பெரும்பான்மையுடன் நின்றார். பேரட், சோட்டோமயோர், கேகன் மூவரும் மாறுபட்டார்கள். பல்சிஃபரில் கேகன் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுத, கோர்சச், சோட்டோமயோர், ஜாக்சன் ஒரே அணியில் மாறுபட்டார்கள்.

11. தமிழில் எழுதிக்கொள்ளும்போது

உங்கள் மொழிபெயர்ப்பை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் காணாதீர்கள். ஆங்கிலத்தில் ‘தெரிந்தே’ வினைக்கு முன் நின்று, பின்னால் வரும் சொற்களை நோக்கி நீளும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்தச் சொல் எங்கே நின்றாலும் வேறொரு தழுவல் பிறந்துவிடும். வழக்கின் சண்டையே அந்தத் தழுவலைப் பற்றியது என்றால், மொழிபெயர்த்த கணத்திலேயே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

‘மற்றும்’, ‘அல்லது’ ஆகியவற்றை உம்மையாகவோ கமாவாகவோ மாற்றுவதும் இதே ஆபத்து. நான் செய்வது இது: சண்டைக்குரிய சொல்லை ஆங்கில ஒலியிலேயே வைத்து, ‘இதற்கு ஒரு தரப்பு சொல்லும் பொருள் இது, மறு தரப்பு சொல்லும் பொருள் இது’ என்று இரண்டு வாக்கியம் எழுதுவேன். அவற்றில் எதை நீதிமன்றம் ஏற்றது என்று மூன்றாவது வாக்கியம். நான்காவதாக, எதைத் தீர்மானிக்கவில்லை என்று. இந்த நான்கையும் தீர்ப்பைப் புரட்டாமல் எழுத முடியவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

உங்கள் சொந்த வேலை தொடர்பாகப் படிக்கிறீர்கள் என்றால் கெடுவை முதலில் பாருங்கள். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஊழியர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் தர 180 நாள், மாநிலத்திலோ நகரிலோ அதற்கான தனி அமைப்பு இருந்தால் 300 நாள். வாசித்து முடித்துவிட்டு வழக்கறிஞரிடம் போகலாம் என்று காத்திராமல், தேதியைக் குறித்துக்கொண்டு இன்றே அவரை அழையுங்கள்.